பன்னிரண்டு அறுபது

முதலில் தண்ணீர். பிறகுதான் அசிட்.
மறுவளமாக ஊற்றியவனின் முகத்தை
புளியங்குளத்துக் கராச் ஒன்றில் பார்த்தேன்.
வந்து அன்றைக்கே சுவரில் எழுதினேன், சிவப்புப் பெயின்றால்.
எழுத்துப் பிழை இருக்கிறதாம்.
தபால்காரர் கிழமைக்கு ஒருமுறை சொல்கிறார்.

ஒட்டுசுட்டான் சந்தியில்
ரயர் ஒட்டுகிற கடைக்குப் பின்னால் என் சாய்ப்பு.
கொழும்பால் வருகிற கலன் ஐந்து லீற்றர்தான்,
தூக்கினால் ஒன்பது கிலோவுக்கு மேல்.
நல்லெண்ணெய் மாதிரிச் சோம்பலாய் அசையும்.
மூடியைத் திறந்து மறந்துவிட்டால்
காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே கிடக்கும்.
மாரியில் மட்டம் கொஞ்சம் ஏறியிருக்கும்.
தானாய்ப் பெருகுகிற சரக்கு
இந்தச் சந்தியில் வேறு யாரிடம் உண்டு?

சீனியில் விட்டால்
வெள்ளை மஞ்சளாகும், கபிலமாகும்,
கறுத்துப் பொங்கி எழும்பி நிற்கும்.
சீனிக்குள் தண்ணீர் இருந்ததென்று
அப்போதுதான் நமக்குத் தெரியும்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டாலும் செய்து காட்டுவதில்லை.
சீனி விற்கிற விலை அப்படி.

பருத்தியில் தெறித்தால் அன்றைக்குத் தெரியாது.
தோய்த்துக் கொடியில் போட்ட பிறகு
ஓட்டையால் வெயில் எட்டிப் பார்க்கும்.
என் சட்டைகளை எண்ண வேண்டாம்.
நிலத்தில் சிந்தினால் அப்பச்சோடா தூவுவேன்.
சீறும், நுரைக்கும், பிறகு
ஒன்றும் நடக்காததுபோல் படுத்துவிடும்.

நேற்று இரவு பத்தரைக்கு
முத்தையன்கட்டிலிருந்து லான்ட்மாஸ்ரரில் வந்தார்கள்,
யானைவேலிப் பற்றரியோடு.
வேலி செத்துக் கிடக்கிறதாம்,
கச்சான் தோட்டம் முழுக்கத் தடமாம்.
"புது அசிட்டை ஊத்தி விடுங்கோ அக்கா,
விடியமுன்னம் போகோணும்."
குழாயால் உறிஞ்சிப் பார்த்தேன்.
மிதவை அடியில் குந்தியிருந்தது. பதினொன்று இருபது.

இதைத்தான் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.
அசிட் தொலையவில்லை, தம்பியவை.
வேலை செய்யச் செய்ய
தண்ணீரை விட்டு ஈயத்துக்குள் போய்
வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.
மேலால் ஊற்றினால் தகட்டைத் தின்னும், அவ்வளவுதான்.
கரண்டைக் கொடுத்துப் பொறுத்திருந்தால்
தானே இறங்கித் தண்ணீருக்கு வரும்.
பீடியை முதல் அணையுங்கோ.
குமிழி வருவது கொதிப்பால் அல்ல,
அது விடுகிற மூச்சு. அது பற்றினால்
கூரையைத் தேடி நெடுங்கேணிக்குப் போகவேணும்.

நாலரைக்குப் பன்னிரண்டு பத்து.
பன்னிரண்டு அறுபதுதான் நிறைவு.
ஆனாலும் யானைக்குக் காணும்.

தூக்கி ஏற்றும்போது ஒருவன்
மூலையில் இருந்ததைக் காலால் தட்டினான்.
"இதுக்கு என்ன வருத்தம்?"

அது தெய்வானைப்பிள்ளை கொண்டுவந்தது.
கக்கூசுக் குழி வெட்டும்போது வெளிப்பட்டது.
இடம்பெயர முதல் நாள் மனிசன் தாட்டதாம்,
உரப்பையில் சுற்றி, ஆறு மூடியும் இறுக்கி,
திரும்பி வந்து ரீவி பார்க்கவென்று.
ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை.
மெல்லிய கரண்டில் மூன்று நாள் போட்டேன்,
பிறகு ஒரு கிழமை.
மிதவை எழும்பவில்லை.
கனகாலம் சும்மா விட்டால்
உள்ளே போனது பளிங்காய் இறுகிவிடும்.
பிறகு கூப்பிட்டாலும் வராது.

பழைய ஈயம் கிலோ என்ன விலை போகிறதென்று சொன்னேன்.
"விக்கக் கொண்டு வரேல்லை" என்றா.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தால்
மீன்பையோடு வாசலில் நிற்பா.
"நம்பர் என்ன?"
குழாயை விட்டு, உறிஞ்சி,
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாசிப்பேன்.
கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.
"பதினொன்று பத்து."
"போன கிழமையும் உதுதானே."
"ஓம்."
பையில் மீன் சொட்டிய இடத்தைக்
காலால் தேய்த்துவிட்டுப் போவா.

கிளிப்பை நான் இன்னும் கழற்றவில்லை.
கரண்ட் பில் அதற்கும் சேர்த்துத்தான் வருகிறது.